ஹண்ணு, ஹுண்ணு

என் மனைவிக்குக் கரண்டு வைத்த நாட்களில் திங்கட்கிழமைதான் எங்களுக்குப் பயமான கிழமை. மற்ற நாட்களில் கூப்பிடுவார்கள், அவள் உள்ளே போவாள், பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவாள். திங்கட்கிழமை மட்டும் அதற்கு முன்னால் விரல் நுனியில் ஊசியால் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு போவார்கள். ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கிறவர் கையில் ஒரு சீட்டுடன் வருவார். அதில் எழுதியிருப்பது போதுமான அளவாக இருந்தால் அந்த வாரம் கரண்டு உண்டு. குறைந்திருந்தால் கிடையாது.

கரண்டு என்று நாங்கள் சொன்னது எக்ஸ்ரே மாதிரியான ஒரு பெரிய மெஷினை. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அது இருந்தது. அவளுக்குக் கர்ப்பப்பையின் வாயில் புற்று. இப்போது எழுதுகிறேனே தவிர, அந்த வருஷத்தில் நான் இதை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் வயிற்று நோவு என்றேன். மொத்தக் கரண்டும் வைத்து முடித்தால் பிழைக்க வழி உண்டு, பாதியில் விட்டால் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு எல்லாமாக இருந்தது.

நான் சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் ரோட்டோரத்து மாவு மில்லில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மில்லுக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை. ஆயில் எஞ்சின் ஓடும்போது யாரும் யாரிடமும் பேச முடியாது. ராகிக் கூடையை வைப்பார்கள், நான் தலையாட்டுவேன், அரைத்துக் கொடுப்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது. சொந்த ஊரான நாகரசம்பட்டியில் ஐந்தாம் வகுப்போடு நின்றதற்குக்கூட அதுதான் காரணம். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். மில் வேலை எனக்குப் பிடித்துப் போனது. இருபது வருஷம் அந்தச் சத்தத்தில் இருந்ததில் காதும் கொஞ்சம் மந்தமானது.

எங்கள் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். நான் வேலைக்கு வந்த புதிதில் கன்னடக்காரர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். நம்முடைய ப அவர்களுக்கு ஹ. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புளி ஹுளி. மாம்பழ வண்டிகள் போகிற ரோடு என்பதால் பழம் ஹண்ணு என்பதும் தெரியும். இப்படிப் பத்து இருபது வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்துக்கொள்வேன். பதில் சொல்ல என்னிடம் இருந்தது ஒரே வார்த்தை. ஆய்த்து. ஆகட்டும், சரி என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே எல்லையில் ஒரு ஆள் காலம் தள்ளிவிடலாம்.

கரண்டு ஆரம்பித்த மூன்றாம் திங்கட்கிழமை சீட்டில் அளவு குறைந்தது. ரத்தத்தில் சிவப்பும் உண்டு வெள்ளையும் உண்டு, இரண்டுமே கம்மி என்று ரத்தம் பார்க்கிறவர் விரலை மடக்கிக் காட்டினார். ரத்தத்தில் வெள்ளை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

அதற்கு முன்பிருந்தே அவளுக்கு நெஞ்சுக்குழியில் எரிச்சல். வெறும் வயிற்றில் சுருட்டிப் பிடிக்கும். இடுப்பு வலிக்காகக் கடையில் விற்கிற தலைவலிப் பொடியை ஒரு வருஷமாகத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எரிகிறது என்று மட்டும் சொன்னாள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்கக் கொடுத்து வயிற்றைப் படம் எடுத்தார்கள். "மாவு மில்லுக்காரன் பொண்டாட்டின்னு யாரு சொன்னாங்க இவங்களுக்கு? மாவையே கரைச்சுக் குட்த்துட்டாங்க" என்றாள். வாயைக் கொப்பளிக்க அவள் வெளியே போயிருந்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

டாக்டர் எனக்கு முதுகைக் காட்டி, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே பேசினார். ஹொட்டே என்று வந்தது. வயிறு. அப்புறம் ஹண்ணு என்று என் காதில் விழுந்தது. ஹுளி பேடா, காரா பேடா, ஹாலு கொடி. இவ்வளவும் எனக்குத் தெரிந்த வார்த்தைகளாகவே இருந்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. வயிற்றுக்குப் பழம் கொடு, புளி வேண்டாம், காரம் வேண்டாம், பால் கொடு. ரத்தம் குறைந்தவளுக்கு வேறென்ன சொல்வார்கள்? ஆய்த்து என்றேன். திரும்பிப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னார். அதற்கும் ஆய்த்து. பதினைந்து நாள் வீட்டில் இருந்து ரத்தம் ஏறிய பிறகு வரச் சொல்லி, இரும்பு டானிக் ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்தால் வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று மருந்து கொடுத்தவர் சொன்னார்.

அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவுவார்கள். அன்றைக்கு ஏறிய போலீஸ்காரர் எங்கள் பையிலிருந்து டானிக் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து மூக்கில் வைத்தார்.

"இன்னாய்யா இது?"

நான் எழுந்து நின்றேன். வாய் வரவில்லை. அவள்தான் சொன்னாள்.

"ரத்தம் ஊறுற மருந்துங்க. இரும்புத் தண்ணி."

"இந்த நாத்தம் நாறுது?"

"சந்தேகமா இருந்தா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. காலைல கறுப்பா போவும். அதுக்கு மட்டும் பயந்துடாதீங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். உட்கார்ந்த பிறகு அவள் என்னிடம், "நீங்க எழுந்து நின்ன நிப்புக்கு சாராயம்னே முடிவு பண்ணியிருப்பாரு" என்றாள்.

வீட்டில் நானே சமைத்தேன். டாக்டர் சொன்னதில் ஒன்றும் தவறக் கூடாது என்று புளியை அடியோடு நிறுத்தினேன். மிளகாயையும் நிறுத்தினேன். ரசத்துக்குப் புளி இல்லாமல் என்ன செய்வது என்று எலுமிச்சம்பழம் பிழிந்தேன். அதுவும் பழம்தானே. நாகரசம்பட்டியில் என் அண்ணனுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு உண்டு. அங்கிருந்து ஒரு கூடை கொண்டுவந்தேன். காற்றில் உதிர்ந்து, வைக்கோலில் பழுக்கப் போட்டவை, பாதி புளிப்பு. ஓசூர் சந்தையில் கறுப்புத் திராட்சை வாங்கினேன். திராட்சை தின்றால் ரத்தம் ஊறும் என்று மில்லுக்கு வந்த பெண்களும் சொன்னார்கள். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் தட்டில் நறுக்கி வைத்தேன். பாலும் கொடுத்தேன், ஆனால் பழத்தில்தான் என் கவனம் இருந்தது.

ஐந்தாறு நாள் கழித்து அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்த டாக்டரு நெஜமாவே பழந்தான் குடுக்கச் சொன்னாரா? உள்ள போனா அடுப்பு மூட்டுன மாதிரி எரியுது."

"சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"உங்க காதாலயா?" என்று என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, தட்டிலிருந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எரிச்சல் அதிகமானதும் பொடியும் அதிகமானது. ராத்திரியில் எழுந்து வெளியே போக முடியாமல் ஆனபோது நான்தான் பானையை எடுத்துக் கொட்டினேன். கறுப்பாக இருந்தது. பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. கிணற்றடிக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. உதடு வெளுத்தது. கரண்டு வைத்த அசதி என்று நினைத்தோம்.

பதினைந்தாம் நாள் பெங்களூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். விரலில் குத்தியபோது ரத்தம் சட்டென்று வரவில்லை. அமுக்கி எடுத்தார்கள். சீட்டைக் கொண்டுவந்தவர் எங்களிடம் காட்டாமல் நேராக டாக்டரிடம் போனார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கரண்டை இந்த உடம்பு தாங்காது, இனி வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். கன்னடத்தில்தான் சொன்னார். 'மனெகே கர்க்கொண்டு ஹோகி.' இதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை.

ஆய்த்து என்றேன்.

வெளியே பெஞ்சில் அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அவளிடம் போகாமல் தாழ்வாரத்திலேயே நின்றேன். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா கோலார் பக்கத்துக்காரி, தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். முன்பு கரண்டு வைக்க வந்த நாட்களில் என் மனைவியிடம் பேசிப் பழகியிருந்தாள்.

"ஏம்ப்பா, இப்படி வெளுத்துப் போயிட்டா? வீட்ல இன்னா குடுத்தே?"

"டாக்டர் சொன்னதுதான். பழம்."

"எந்த டாக்டரு?"

"இவருதான். ஹொட்டேக்கு ஹண்ணுன்னாரு."

ஆயா துணியைக் கீழே போட்டாள். முதலில் சிரிக்கப் போனாள், பிறகு சிரிக்கவில்லை.

"ஹொட்டேக்கு ஹண்ணா, ஹொட்டேலி ஹுண்ணா? நல்லா யோசிச்சுச் சொல்லு." இரண்டாவது வார்த்தைக்கு உதட்டைக் குவித்துக் காட்டினாள். "ஹண்ணு அல்லப்பா. ஹுண்ணு, ஹுண்ணு! புண்ணு! வயித்துல புண்ணு இருக்குதுன்னு சொல்லியிருக்காரு. புண்ணு மேல புளிப்பை ஊத்தினியா நீனு?"

ப அவர்களுக்கு ஹ. புண் என்றால் ஹுண்ணு. என்னுடைய குறுக்கு வழியில் போயிருந்தாலே சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பேன். ஹுளி என்றது புளிப்பை. நான் புளியை மட்டும் நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறேன்.

"வெளிக்குக் கறுப்பாப் போச்சா?" என்று கேட்டாள். "டானிக் குடிச்சா அப்படித்தான் போவும்னாங்க" என்றேன். "மருந்தா, புண்ணு ரத்தமா, யாரு கண்டா? போய் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. அவரு கரண்டு சேரலைன்னு நெனச்சுட்டு இருக்காரு. நீ சொல்லலைன்னா அப்படியே அனுப்பிடுவாரு."

டாக்டர் அறைக்கு இடுப்புயரத்தில் இரண்டு பக்கமும் ஆடும் கதவு. அதற்கு வெளியே நின்றேன். இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள். மூன்றாவதாக ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். ஆயா தூரத்திலிருந்து வாளியோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்க்காமல் இருந்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேனோ என்னவோ தெரியாது. உள்ளே போனேன். கதவுக்கு வெளியே நின்று சேர்த்து வைத்த கன்னடம் ஒன்றும் நினைவில் இல்லை.

"ஹண்ணு நானு கொட்டே" என்றேன். பழம் நான் கொடுத்தேன். "தப்பு நந்து." தப்பு என்னுடையது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க? தமிழ்லயே சொல்லுங்க" என்றார், நல்ல தமிழில்.

நான் சொன்னேன். எலுமிச்சம்பழம், மாம்பழம், திராட்சை, மூன்று வேளை, தலைவலிப் பொடி, எல்லாம். ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கறுப்பாப் போச்சுன்னா எப்படி? மருந்துக் கறுப்பா, தார் மாதிரி ஒட்டுற கறுப்பா?"

பானையைக் கழுவியவன் நான்தான். ஒட்டியது, இரண்டு தண்ணீருக்குப் போகவில்லை, நாற்றமும் வேறு மாதிரி இருந்தது என்றேன்.

அவர் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். வெள்ளை குறைந்தது கரண்டால், அதை நிறுத்தி வைத்தால் தானாக ஏறும். சிவப்பு இவ்வளவு குறைந்தது புண்ணிலிருந்து கசிந்து போவதால், இரண்டும் வேறு வேறு என்று சொன்னார். இப்போது புரிந்தது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க ஆய்த்து ஆய்த்துன்னீங்க. கன்னடக்காரர்னே நெனச்சேன். புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றார். கொஞ்சம் கழித்து, "என் மேலயும் தப்பு உண்டு. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும்" என்றார். கரண்டு உண்டு என்று மட்டும் சொல்லவில்லை. ரத்தம் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவளைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்.

அவளிடம் நான் சொல்வதற்கு முன்னால் ஆயா சொல்லிவிட்டாள். நான் கட்டிலருகே போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில்தான், "இனிமே நீங்க கன்னடம் பேசாதீங்க. தமிழே உங்களுக்குப் பாதிதான் வருது" என்றாள்.

ஒரு பாட்டில் ரத்தம் என்னிடம் எடுத்தார்கள், ஒரு பாட்டில் என் அண்ணனிடம். என்னுடையது அவளுக்குச் சேருமா என்று முன்பே சோதித்துப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றியபோது நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"போச்சு" என்றாள் அதைப் பார்த்துக்கொண்டே. "உங்க ரத்தம் உள்ள போவுது. இனிமே எனக்கும் நாலு பேர் முன்னாடி வாய் வராது."

பொடியை நிறுத்தியாயிற்று. இரண்டு மணிக்கு ஒரு தரம் பால், இடையில் தண்ணீரில் கலக்கிய வெள்ளை மருந்து. பழம் என்ற பேச்சே இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சத்திரத்தில் தங்கி, எதிர் வீட்டில் பால் வாங்கிக் காய்ச்சிக் கொண்டுவருவேன். பத்து நாளில் எரிச்சல் அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. ஆனால் வெள்ளை ஏறவில்லை. திங்கட்கிழமை குத்துவார்கள், ரத்தம் பார்க்கிறவர் சீட்டுடன் வருவார், "இவத்து இல்லா" என்பார். இன்றைக்கு இல்லை. இப்படி மூன்று திங்கட்கிழமை. மூன்றாவது முறை அவள் என்னைப் பார்க்காமல், "மில்லு என்னாவுறது? நீங்க போங்க, நான் ஒருத்தியே இருந்துக்கறேன்" என்றாள். நான் போகவில்லை.

நாலாம் திங்கட்கிழமை அவர் தூரத்தில் வரும்போதே சீட்டை ஆட்டினார். "இவத்து இதே." இன்றைக்கு உண்டு. அன்றைக்கே கரண்டு வைத்தார்கள்.

மீதி இருந்ததை இடையில் ஒரு வாரம் விட்டு, ஒரு வாரம் குறைத்து, எப்படியோ வைத்து முடித்தார்கள். கடைசி நாள் டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு வேறு வார்டுக்குப் போய்விட்டார். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை ரத்தம் பார்க்கிறவர்தான் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சீட்டில் இங்கிலீஷ். நீட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆறு திங்களு பிட்டு பன்னி."

ஆறு எனக்குத் தெரியும். பன்னி, வாருங்கள். திங்கள் என்றால் எங்களுக்கு வேறென்ன? ரத்தம் குத்துகிற நாள். ஆறு திங்கட்கிழமை கழித்து வா. ஆய்த்து என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இத்தனை நாளும் இவர் திங்கட்கிழமையைச் சோமவாரம் என்றுதானே சொல்லி வந்தார்?

பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான் நகரவில்லை. எனக்கே கேட்கும்படி சத்தமாகக் கேட்டேன்.

"திங்களுன்னா? சோமவாரமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சோமவாரா அல்ல. திங்களு. மாசா, மாசா." இரண்டு கையிலுமாக ஆறு விரல்களை விரித்துக் காட்டினார்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் இன்னொரு தரம் கேட்டேன். "ஆறு மாசமா?"

"ஆறு மாசா."

ஆறு மாதத்துக்கு ரத்தம் குத்த வேண்டாம். அதன் பிறகு வந்து காட்டினால் போதும். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அவள் துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள். "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."